ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டு

கடுகு வெடிக்கும் சத்தத்தில்தான் எங்கள் லைனில் பொழுது விடியும். சேவல் கூவுவதெல்லாம் அதற்குப் பிறகு, சாவகாசமாக. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த கேஜிஎப் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் சுவர் என்பது பேருக்குத்தான் என்பதால், பக்கத்து வீட்டில் கடுகு போட்டால் நம் வீட்டு வாணலியில் வெடிப்பது போலவே கேட்கும், அதிலும் எல்லா வீட்டு ஆண்களும் ஒரே ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தாளிப்பு நடக்கும். இருட்டு கலையாத அந்த நேரத்தில், போர்வைக்குள் கிடந்தபடியே, இது எலுமிச்சஞ்சோறு, இது புளிச்சோறு, இது நேற்றைய சோற்றுக்கு வெங்காயம் போட்டு ஏமாற்றியது என்று வீடு வாரியாக நான் சொல்லிவிடுவேன். அந்தத் திறமையை வைத்துக்கொண்டு இன்றுவரை ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டிருந்த காலம் அது. சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த அப்பா, ஊரில் பாதிப்பேரைப் போலவே, பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வேலை பார்க்கிறவராக ஆகிவிட்டிருந்தார்; ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு லேத்துக் கம்பெனியில் அவருக்கு வேலை. விடியுமுன் கிளம்பி, நாங்கள் தூங்கிய பிறகு வருவார். ஆகவே அப்பா என்பவர் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கும் பண்டம், ஆட்டுக்கறியைப் போல. மற்ற நாட்களில் அவர் இருந்ததற்கு அடையாளம், காலையில் கொடியில் தொங்கும் ஈரத் துண்டும், குளியலறையில் மிச்சமிருக்கும் பீடி வாசனையும்தான்.

ஆனால் எங்களைப் பார்த்து ஊரே பொறாமைப்பட வேண்டும் என்பது பக்கத்து வீட்டு ஏழுமலை மாமாவின் கட்சி. அவர் சுரங்கத்தில் ஆட்களைக் கீழே இறக்கும் ‘கேஜ்’ என்ற கூண்டுக்கு இன்ஜின் ஓட்டியவர். சுரங்கம் மூடிய பிறகு ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் எங்கள் லைனை ஓட்டிக்கொண்டிருந்தார். “பெங்களூருல இன்னா கீது? வெளியில கால வெச்சா அடுத்தவன் வாசலு. இங்க பாரு, வானத்த அண்ணாந்து பாக்கறதுக்கு எவனையாச்சும் கேக்கணுமா? வேல அங்க, வீடு இங்க, இதுக்கு மேல இன்னா வேணும் ஒரு மனுசனுக்கு?” என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முன்னால் ஒரு முருங்கை, பின்னால் ஒரு கொய்யா, குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர், அதற்கும் அப்பால் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த வெள்ளை மேடு, அதில் சறுக்கி விளையாடி நாங்கள் மாவு மூட்டையில் விழுந்தவர்களாக வீடு திரும்புவோம். பெங்களூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இதையெல்லாம் பார்த்து, “இன்னா காத்து, இன்னா காத்து” என்று மூக்கை விரித்து இழுப்பார்கள். சாயங்கால ரயிலில் தவறாமல் திரும்பிப் போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு மட்டும் காற்று போதவில்லை. அவள் பெயர் கஸ்தூரி. வாரத்தில் ஒரு நாளாவது, ஞாயிறு அல்லாத ஒரு நாளில், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சுடச்சுட ராத்திரிச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை, கட்டின புருஷனைத்தான் கேட்டாள். அதுதான் அப்பாவுக்குக் கொடுக்க முடியாததாக இருந்தது. “பெங்களூருக்கே போயிடலாங்க” என்று அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா “பாக்கலாம், பாக்கலாம்” என்பார். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் பார்க்க முடியாது என்று அர்த்தம். இது எனக்கும் என் தம்பி பாலுவுக்கும்கூடத் தெரியும், பாலுவுக்கு அப்போது நாலு வயது.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பெங்களூரில் கிருஷ்ணராஜபுரத்தில் இருந்தாள். ஊரில் யார் எங்கே இருக்க வேண்டும், யார் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், எந்தக் குழந்தைக்கு எப்போது மொட்டை என்பதையெல்லாம் முடிவு செய்யும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டவள். அம்மா அவளிடம் ஒரு நாள் கண்ணைக் கசக்கியிருக்கிறாள் போலிருக்கிறது. அவ்வளவுதான், அத்தை தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டைப் பார்த்து, பேசி, முடித்து, டெம்போவுக்கும் சொல்லிவிட்டு, கடைசியாக, சம்பந்தப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று போன் செய்தாள்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்கு ‘ஷிப்ட்’ என்றால் வீடு மாறுவது. “மனெ ஷிப்ட் மாட்தா இதீவி” என்று கன்னடத்திலும் சொல்வார்கள், தமிழிலும் “ஷிப்ட் பண்றோம்” என்பார்கள். எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக ஷிப்ட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான்: வேலைக்குப் போகும் முறை. காலை ஷிப்ட்டு, மதிய ஷிப்ட்டு, ராத்திரி ஷிப்ட்டு. எங்கள் ஊரில் குழந்தை பிறந்த நேரத்தைக்கூட ஷிப்ட்டை வைத்துத்தான் சொல்வார்கள். நான் மதிய ஷிப்ட்டு இறங்குகிற நேரத்தில் பிறந்தவள். வீடு மாறுவதற்கு எங்கள் ஊரில் தனியாக வார்த்தையே கிடையாது, ஏனென்றால் யாரும் மாறியதில்லை.

எங்கள் லைனில் போன் இருந்தது ஏழுமலை மாமா வீட்டில் மட்டும். அத்தை சனிக்கிழமை அவருக்குப் போன் செய்து, “நாளைக்கு ஷிப்ட்டு, காலைல ரெடியா இருக்கச் சொல்லுங்க” என்று சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் ஷிப்ட்டு பார்த்த மனிதரிடம் சொன்னால் அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? ராத்திரி அப்பா ரயிலிறங்கி வந்ததும் வாசலிலேயே மடக்கி, “தம்பி, பெங்களூருல இருந்து போன் வந்துது. நாளைக்கு ஒனக்கு ஷிப்ட்டாம். காலைல ரெடியா இருக்கணுமாம்” என்றார்.

“ஞாயித்துக்கெழமலயா?” என்று அப்பா நெற்றியைச் சுருக்கினார். “யாரு பேசனாங்க?”

“யாரோ ஒரு பொம்பள. அதட்டலா பேசிச்சி. மேனேஜர் அம்மாவா இருக்கும்.”

அதட்டலாகப் பேசியது தன் சொந்த அக்கா என்று அப்பாவுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. அவருக்கு மேனேஜர் அம்மாவிடமும் அக்காவிடமும் ஒரே பயம். அம்மாதான் பொங்கிவிட்டாள். வாரத்துக்கு ஒரு நாள், அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி என்று பாத்திரங்களிடம் கேட்டாள். பாத்திரங்கள் அப்பாவுக்குக் கேட்கும்படியாகப் பதில் சொல்லின. மறுநாள் இருட்டில் எங்கள் வீட்டில் மட்டும் தனியாகக் கடுகு வெடித்தது. அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார், ஆனால் தெருமுனை திரும்பியதும் சீட்டியடித்துக்கொண்டு நடந்ததாக ஏழுமலை மாமா பிற்பாடு சாட்சி சொன்னார்.

பத்து மணி வாக்கில் எங்கள் லைன் முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அத்தை இறங்கினாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பைப் பார்த்தாள், சுவரோரம் அசையாமல் நின்ற பீரோவைப் பார்த்தாள்.

“இன்னா கஸ்தூரி, இன்னும் சமையல் நடந்துகினு கீது? ஷிப்ட்டுன்னு சொல்லி அனுப்பினனே. தம்பி எங்க?”

“ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு, அண்ணி” என்றாள் அம்மா.

அத்தை டெம்போவைத் திரும்பிப் பார்த்தாள், அம்மாவும் பார்த்தாள். முதலில் புரிந்தது அம்மாவுக்குத்தான். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் கண்ணாலே பார்த்தேன், தேரில் சாமி அசைந்து புறப்படும்போது கும்பலுக்கு வருமே, அந்த வெளிச்சம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கேட்பதற்குப் புருஷன் ஊரில் இல்லை, ‘பாக்கலாம்’ சொல்ல ஆள் இல்லை, வாசலில் டெம்போ நிற்கிறது. “ஏத்துங்க” என்றாள்.

லைனே திரண்டு வந்து ஏற்றியது. ஏழுமலை மாமாதான் மேற்பார்வை. கட்டிலை இறக்கும்போதும் ஏற்றும்போதும் கேஜுக்கு மணியடிப்பது போல வாயாலேயே மணியடித்தார். தன்னால்தான் இதெல்லாம் என்று அவருக்கு அப்போதும் தெரியாது. கொதித்த குழம்பைக்கூட விடவில்லை. சட்டியோடு துணி கட்டி அத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவும் பாலுவும் அத்தையும் முன்னால், நான் பின்னால் சாமான்களுக்கு நடுவே மெத்தைச் சுருட்டின் மேல், பீரோவைப் பிடித்துக்கொண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து நான் ஊரைப் பார்த்ததில்லை, பாலகாட் சுரங்கத்து மண்மேடெல்லாம் எனக்குக் கீழே போவது போலிருந்தது.

பங்காருப்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் டெம்போ நின்றது. பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்குப் போகிற ரயில் வந்தது. எந்த ரயிலைப் பார்த்தாலும் கையாட்டுவது என் வழக்கம், ஆட்டினேன். ஒரு பெட்டியின் வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்ற மனிதரும், ரோட்டோரக் குழந்தைகளுக்குக் காட்டுகிற சிரிப்பைக் காட்டிக் கையாட்டினார். அது அப்பா. கம்பெனி கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் சிரித்ததையும் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்துகொண்டிருந்தார். ஆட்டிய கை அப்படியே நின்றதையும், அவர் கண் என்னிடமிருந்து பீரோவுக்குப் போனதையும், பீரோவிலிருந்து தன் தையல் பிரிந்த மெத்தைக்குப் போனதையும் நான் வரிசையாகப் பார்த்தேன். வாயைத் திறந்து என்னவோ கத்தினார். ரயில் சத்தத்தில் அது எங்களுக்கு எட்டவில்லை.

“அம்மா, அப்பா போறாரு” என்று நான் மேலேயிருந்து கத்தினேன்.

“கேட்டு தொறந்துட்டாங்க, வண்டிய எடுப்பா” என்று அம்மா டிரைவரிடம் சொன்னாள். அப்பாவைப் பார்க்கவே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். நான் நம்பவில்லை.

அப்பா சாம்பியனில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, காலி வீட்டின் படியில் சாவியோடு உட்கார்ந்திருந்த ஏழுமலை மாமா, “இன்னா தம்பி, ஷிப்ட்டு சீக்கிரமா முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டாராம். அப்பா சாயங்கால ரயிலில் மறுபடியும் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். அன்று ராத்திரி, மாடியில் ஒரு ரூமும் ஒரு சமையலறையுமாக இருந்த அந்த வீட்டில், கேஜிஎப்பில் கொதித்த குழம்பை நாங்கள் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாளும் நாலு பேரும் சாப்பிட்டோம். அதற்கு மறுநாளும். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது: எங்களுக்கு ஒருவரோடொருவர் பேச ஒன்றும் இல்லை. அப்பா என்னைப் பார்த்து, “நாலாவதுதான நீ?” என்றார். “ஆறாவது” என்றேன். தன்னைக் கேட்காமல் என்னைப் பாஸ் போட்டுவிட்டது போல அவர் அம்மாவைப் பார்த்தார். ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிற மனிதருக்கு, தூங்குகிற வரைக்கும் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர், அதையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, எண்ணெய் காய்ந்துவிட்டது, காயவில்லை, இதற்குப் பெருங்காயம் எதற்கு என்று லேத்து மெஷினுக்குச் சொல்வது போல அம்மாவுக்குச் சொல்வார். கீழ் வீட்டு ஓனரம்மாவோ, அம்மி சத்தம் கேட்டால் “சொல்ப மெல்லகெ”, கொஞ்சம் மெதுவாக, என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பாள். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாலு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பாவைக் காட்டி, “இவரு எப்பம்மா ஊருக்குப் போவாரு?” என்று கேட்டான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இரண்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

ஒரு சனிக்கிழமை, ஊரில் ஏழுமலை மாமா பேத்திக்குக் காதுகுத்து என்று எல்லோரும் கிளம்பினோம். அப்பா முன்பு வழக்கமாகப் போன சாயங்கால ரயில், வழக்கமான பெட்டி. ஏறினதும் பெட்டியே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார், ஒருவர் சீட்டுக்கட்டை எடுத்தார், ஒருவர் டீயை நீட்டினார். அப்பா பேச ஆரம்பித்தார். வீட்டில் “உம்”, “ஆமா”, “பாக்கலாம்” என்று மூன்றே வார்த்தையில் காலம் தள்ளிய மனிதர், கேட்டில் தன் குடித்தனமே டெம்போவில் தன்னைத் தாண்டிப் போன கதையை, பீரோவாகவும் டிரைவராகவும் தானாகவும் நடித்துக் காட்டினார். பெட்டி குலுங்கியது. கடலை விற்கிறவர் விற்பனையை நிறுத்திவிட்டுக் கேட்டார். நடுவில் ஒருவர் அம்மாவைப் பார்த்து எழுந்து, “நீங்கதான் எலுமிச்சஞ்சோறு அக்காவா? உங்க டப்பாவுக்கு இந்தப் பெட்டில எவ்ளோ அடிதடி தெரியுமா?” என்று கும்பிட்டார்.

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் கதவிடுக்கில் பார்ப்பது போல. சாம்பியனில் இறங்கினதும் அவரிடம், “இவ்ளோ பேச்ச வெச்சிகினு எங்கிட்ட ஏன் பேசல நீங்க?” என்று கேட்டாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். “வீட்ல வண்டி ஓடலியே, கஸ்தூரி” என்றார்.

இந்தப் பதிலுக்கு எந்தப் பெண்ணும் கோபித்துக்கொண்டிருப்பாள். அம்மா யோசித்தாள். மறுவாரமே மறுபடியும் டெம்போ வந்தது, பீரோ ஏறியது, அத்தை எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். ஊருக்கு வந்த கையோடு அம்மா ஒயிட்ஃபீல்டில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள், அதே ரயில், அதே பெட்டி. போகும்போது இரண்டு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம், அவள் ஆசைப்பட்ட புருஷன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். ஊர் ஆயிரம் சொன்னது. எங்கள் லைனில் அவ்வளவு சந்தோஷமான புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் ஆத்திரம். ஒருவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பண்டமாக இருந்தது போய், இப்போது இரண்டு பேரும் அப்படி ஆகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஏழுமலை மாமாவிடம் சாவியை வாங்கித் திறந்து, பாலுவுக்குச் சோறு போட்டு, ராத்திரி அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தெருவில் வருகிற சத்தத்தைக் கேட்டபடி தூங்கிப் போவேன். அவர்களுடைய அந்தப் பேச்சில் எனக்கு ஓரமாகக்கூட ஓர் இடம் இல்லை என்று இருந்தது. இதை அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை, சொல்லியிருந்தால் “இன்னாடி பேசற நீ” என்று ஒரே அடியாக அடித்திருப்பாள்.

இப்போது நான் பெங்களூரில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். பாலு ஓசூரில். பேத்தமங்களா ரோட்டில் மனைப்பிரிவு போட்டு, பெங்களூருக்கு மிக அருகில், தூய காற்று என்று தென்னை மரம் போட்ட நோட்டீஸைக் கையில் திணிக்கிறார்கள், ஆபீசில் யாராவது “அங்க இருந்து போய் வர முடியுமா?” என்று என்னைக் கேட்டால், யாரோடு போய் வருவீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்பதில்லை. ஏழுமலை மாமா இல்லை. எங்கள் லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இருட்டில் கடுகு வெடிப்பதும் இல்லை, ஆண்களெல்லாம் ரயிலடியில் இட்லி வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டுக்கட்டும் போய்விட்டது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு செல்போனைப் பார்த்தபடி போகிறார்கள், பெட்டிக்குள் அவ்வளவு அமைதி.

போன மாதம் ஊருக்குப் போனேன். பங்காருப்பேட்டையில் இறங்கி, எங்கள் ஊர் ரயிலுக்கு மாறி ஏறினால், பெட்டிக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் ஓங்கிக் கேட்டது. அப்பா. இரண்டு பேரும் வேலையை விட்டு வருஷமாகிவிட்டது, வீட்டில் நாள் முழுக்க ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீட்டில் பேச்சு வருவதில்லையாம், அதனால் வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் பங்காருப்பேட்டை வரைக்கும் ரயிலேறி வந்து, டீ குடித்துவிட்டு, அதே ரயிலில் திரும்புகிறார்களாம். அப்பா கையை வீசி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார், அம்மா அவரைக்காய் உரித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து இடத்தில் பை இருந்தது.

பின்னால் போய் நின்று, குரலை மாற்றிக்கொண்டு, “இங்க ஒக்காரலாங்களா?” என்றேன்.

அம்மா திரும்பவில்லை. “ஆள் வருதும்மா” என்றாள்.

“யாரு?”

“எம் பொண்ணு. இப்பதான் எறங்குனா, பைய தூக்கிகினு பிளாட்பாரத்துல வந்துகினு இருந்தா.”

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது, அப்பா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.